மாட்டுக்குப் பின்னால் நீலக் கோட்டு

1807 அக்டோபர் 4, ஞாயிறு. லண்டன்

ஒரு மந்திரியின் முகத்தைப் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இன்றைக்குக் கோயிலுக்குப் போய்வந்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் சிரிப்பு வீணாகிவிடும்.

காலையில் கிளம்புகிற அவசரத்தில் பட்டறை முக்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் வாரைக் கட்டினேன். முக்காலியின் மேல் நேற்று அச்சடித்த தாள் ஒன்று மை காயாமல் கிடந்திருக்கிறது. போட்டிருந்தது வெள்ளைக் கவுன். பாட்டுக்கு எழுந்து நின்றபோதெல்லாம் பின்வரிசையில் சலசலப்பு. கறுப்பு ஆயாவுக்கு இவ்வளவு பக்தியா என்று அதிசயிக்கிறார்கள் போலும் என நினைத்து இன்னும் உரக்கப் பாடினேன்.

திரும்பி வந்ததும் பிம் ஐயா வாசலில் நின்று சொன்னார்:

"சந்தாயி, உன் பின்னால ஒரு கனவான் வரார்."

"எங்கே?" என்று தெருவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவ்வளவு தூரம் இல்ல. இன்னும் கிட்ட."

புதுக் கட்டுத் தாள் தொடங்கினால் முதல் தாளில் பெயர் எழுத வேண்டும் என்று வேப்பேரி மிஷன் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்தது இரண்டே வருஷம். அதில் ஒரு வருஷம் அம்மை. ஆகையால்: நான் சந்தாயி. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கும்பெனி துரை வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கப்பலேறி வந்தேன். குழந்தைகள் வளர்ந்துவிட்டன. திரும்பிப் போகக் கப்பல் சீட்டு தருகிறேன் என்ற துரைசானி அதை மறந்துவிட்டாள். பதினோரு வருஷமாக ஹார்க்னஸ் அம்மாளின் கேலிப்படக் கடையில் படங்களுக்கு வண்ணம் தீட்டுகிறேன். பிம் ஐயா வரைகிறவர். செப்புத் தகட்டில் அவர் கீறுவது கோடு மட்டும். மந்திரி மூக்கைச் சிவப்பாக்குவது நான்.

கெட்டுப்போன படங்களின் மறுபுறத்தில்தான் இதை எழுதுகிறேன். இவர்கள் பேசுவதெல்லாம் இங்கிலீஷ். நான் எழுதுவது எங்கள் ஊர்ப் பேச்சில். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே புரியாது.

கவுன் வெளுக்கவில்லை. மந்திரி சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 5, திங்கள்

புதுப் படம். போன வாரம் பட்னி மேட்டில் நடந்த துப்பாக்கிச் சண்டைதான் விஷயம். வெக்ஸ்கம் பிரபு மந்திரி. சர் எட்மண்ட் டிராஸ்க் எதிர்க்கட்சி. பார்லிமெண்டில் ஒருவர் மற்றவரைப் பொய்யன் என்றாராம். உள்ளே நாக்கால் தீராததை வெளியே போய்ப் பன்னிரண்டு தப்படி தள்ளி நின்று துப்பாக்கியால் தீர்ப்பது இந்தக் கனவான்களின் வழக்கம். சட்டம் கூடாது என்கிறது. செய்யாவிட்டால் மானம் போயிற்று என்கிறார்கள். எங்கள் ஊரில் இதையெல்லாம் கிணற்றடியிலேயே முடித்துவிடுவோம். இரண்டு குடம் உடையும், ஆள் உடையாது.

டிராஸ்க் அசையாமல் நின்றாராம். மந்திரி சுட்ட கையோடு குனிந்துவிட்டாராம். பிம் ஐயாவுக்கு அது போதும். மேட்டில் ஒரு கறவை மாட்டை வரைந்துவிட்டார். அதன் பின்னால் ஒருவர் முகம் புதைத்துப் பதுங்குகிறார். கோட்டு வாலும் அதற்குக் கீழே உள்ளதும்தான் வெளியே. இன்னொருவர் துப்பாக்கியோடு நிமிர்ந்து நிற்கிறார். அவர் முகத்தைப் புகை மறைத்திருக்கிறது. முகத்தைக் காட்டினால் வழக்கு வரும். கோட்டு நிறத்துக்கு வழக்குப் போட முடியாது. எதிர்க்கட்சிக்கு நீலக் கோட்டு, வெக்ஸ்கம் பிரபுவுக்கு நாவல்பழ நிறக் கோட்டு என்பது ஊரில் பால்காரிக்கும் தெரியும்.

எப்போதும் ஐயா ஒரு தாளைத் தானே தீட்டி மாதிரிக்குச் சுவரில் ஒட்டுவார். இன்றைக்கு நேரமில்லை. எதிர்வரிசைக் கடைக்காரனும் இதே சண்டையை வரைகிறானாம். ஐயா தம் அறையில் இருந்தபடி, தாம் வரைந்த தாளைப் பார்த்துக் கத்தினார்: "இடப்பக்கம் நீலம்! வலப்பக்கம் நாவல்!"

இருநூறு தாள். விரல் இன்னும் நீலம்.

"மாட்டுக்கு என்ன நிறம் ஐயா?" என்று கேட்டேன்.

"மாட்டு நிறம்."

"எந்தக் கட்சி மாடு?"

ஐயா சிரித்தார். அவர் சிரித்தால் இருமல் வரும். அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 6, செவ்வாய்

கடை ஜன்னலில் படம் ஒட்டியாயிற்று. தெரு அடைத்துக் கூட்டம். ஒரு நாய் மிதிபட்டது.

அக்டோபர் 7, புதன்

காலையில் காதர் வந்தான். நாகூர்ப் பிள்ளை, கப்பலில் பாய் கட்டுகிறவன். கரைக்கு வரும்போதெல்லாம் என்னோடு தமிழ் பேச வருவான்.

"அக்கா, இந்தத் தடவ நல்ல சேதி. மெட்ராசுக்குப் போற துரைசானிக்கு ஆயா வேணுமாம். அடுத்த புதன் பாய் எடுக்குது. சொல்லிடவா?"

"இந்தக் குளிர்ல எப்படிடா மூட்டை கட்டறது? கை விறைக்குது."

"கப்பல் போறது சூடான ஊருக்குக்கா."

"போய்ச் சேர்ற வரைக்கும் குளிருமே."

போன வருஷம் வேறு கப்பல் வந்தது. அப்போது பல்வலி.

சாயங்காலம் பிம் ஐயா வெளியே போனவர் ஜன்னல் முன் கூட்டத்தோடு நின்று தம் படத்தைப் பார்த்திருக்கிறார். முகம் சுண்ணாம்பாக உள்ளே வந்தார்.

"மாட்டுக்குப் பின்னால நீலக் கோட்டு இருக்கு!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆமாம். பதுங்குகிறவருக்கு நீலம், நிமிர்ந்து நிற்கிறவருக்கு நாவல். நின்ற டிராஸ்கைக் கோழையாக்கி, குனிந்த மந்திரியை வீரனாக்கிவிட்டோம்.

தகட்டில் கீறியதை அச்சடித்தால் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகிவிடும். அச்சடித்த தாளில் இடப்பக்கம் இருப்பவர், ஐயா வரைந்த தாளில் வலப்பக்கம். அவர் தம் தாளைப் பார்த்துச் சொன்னார். நான் அவர் சொன்ன பக்கத்தைப் பார்த்தேன். இருநூறு தாள் தீட்டுகிறவள் ஆளைப் பார்க்க மாட்டாள்.

"என் கை தவறிடுச்சு ஐயா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் மத்தியானமும் சாப்பிட்டிருக்கவில்லை, அதனால் இருக்கும்.

ஹார்க்னஸ் அம்மாள் படத்தை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "ஜனங்க சிரிக்கிறாங்க. யாரைப் பாத்துச் சிரிக்கிறாங்கங்கிறது அவங்க பாடு."

அக்டோபர் 8, வியாழன்

கடைக்கு ஒரு கேப்டன் வந்தார், டிராஸ்கின் தூதர். மூக்கு நீளம். ஐயா இவரை வரைந்தால் பாதித் தாள் மூக்குக்கே போகும்.

"இதை வரைஞ்சது யார்?"

எங்கள் கடைப் படங்களில் வரைந்தவர் பெயர் இராது. ஹார்க்னஸ் அம்மாள் இந்த மாதிரிக் கேள்விக்கு இருபது வருஷமாக ஒரே பதில் வைத்திருக்கிறார்: வரைந்தவர் நேற்றுத்தான் பிரான்சுக்குப் போனார். அம்மாள் வாயைத் திறப்பதற்குள் பிம் ஐயா உள்ளறையிலிருந்து வந்து நின்றார். சட்டைக் கையில் மை.

"நான்தான்."

கேப்டன் மேலும் கீழும் பார்த்தார். "ஒரு விஷயம் தெரியணும். நீங்க கனவானா? கனவான்னா துப்பாக்கி. இல்லைன்னா சர் எட்மண்ட் சவுக்கோட வருவார்."

"என் அப்பா பாதிரியார்."

அப்பா பாதிரியார் இல்லை. பாதிரியாருக்குத் துணையாக ஜெபம் வாசித்தவர். நான் வாயை மூடிக்கொண்டேன். கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். ஒரு சீட்டை மேஜைமேல் வைத்தார். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி, பட்னி மேடு.

அவர் போன பிறகு, "நிறம் தவறிப்போச்சுன்னு சொல்லியிருக்கலாமே ஐயா" என்றேன்.

"இப்பச் சொன்னா பயந்துட்டான்னு ஆகும்."

"பயந்தா என்ன?"

"இருபது வருஷமா கனவான்களை வரையறேன், சந்தாயி. ஒருத்தர்கூட எனக்குத் தொப்பி எடுத்ததில்ல. இவர் எடுத்தார்."

அந்தச் சீட்டை அவர் கணப்படுப்பின் மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறார். நான் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறேன்.

அக்டோபர் 9, வெள்ளி

ஐயா கொல்லையில் குடையை வைத்துப் பழகுகிறார். பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை உள்ளே இழுத்து, கையை நீட்டி. சண்டையில் மூக்குக்கண்ணாடி போடுவது கனவானுக்கு அழகில்லையாம். கழற்றிவிட்டுத்தான் பழகினார். மழைத் தண்ணீர்ப் பீப்பாயைப் பார்த்து "வாங்க மிசஸ் ஹார்க்னஸ்" என்றார்.

ஹார்க்னஸ் அம்மாள் ஜன்னலில் இருந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "டிராஸ்க் பறக்கிற புறாவைச் சுடுறவன்" என்றார்.

நான் வழக்கம்போல நிறையக் கேலி பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

அக்டோபர் 10, சனி

எங்கள் கடைப் படங்களுக்கு மரச்சட்டம் போடும் ஓட்ஸ் இரண்டு துப்பாக்கிகளை ஒரு பெட்டியில் வைத்து ஐயாவுக்கு இரவல் கொடுத்தார். சண்டையில் ஐயாவின் பக்கம் துணை நிற்கப் போகிறவரும் அவர்தான். ஐயாவின் சட்டையில் ஒரு பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்குப் போடும் சட்டை. இறுக்கித் தைத்தேன். பிறகு, ஒரு பொத்தானால் என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது. ஆனாலும் இன்னொரு தடவை இறுக்கினேன்.

அக்டோபர் 11, ஞாயிறு

கோயில். இன்று உட்காருமுன் முக்காலியைப் பார்த்தேன்.

பிரசங்கத்தைக் கேட்கவில்லை. ஒரு யோசனை வந்தது. துப்பாக்கி கனவானுக்கு. சவுக்கு கனவான் அல்லாதவனுக்கு. கனவானும் அல்லாத, ஆணும் அல்லாத ஒருத்தி என்றால் எதை எடுப்பார்கள்?

காதர் வந்தான். "துரைசானி கேக்கறாங்கக்கா. நாளைக்குள்ள பேர் கொடுக்கணும்."

"நாளைக்கு எனக்கு வேற வேலை. நீ துணைக்கு வா. பார்லிமெண்டு ஐயா ஒருத்தர் வீட்டுக்குப் போகணும்."

"எதுக்கு?"

"சண்டைக்கு."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எந்த வழியாப் போகணும்?" என்றான். நல்ல பிள்ளை.

அக்டோபர் 12, திங்கள்

டிராஸ்க் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனோம். கடையிலிருந்து அவசரச் சேதி என்றேன். காதரை வெளியே நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். டிராஸ்க் ஐயா காலைச் சாப்பாட்டில் இருந்தார். அவித்த முட்டை. நீலக் கோட்டு நாற்காலியில் தொங்கியது. நான் தீட்டும் நீலத்தைவிட மட்டமான நீலம்.

"யார் நீ?"

"நீலம் தீட்டினவ, ஐயா." இரண்டு கையையும் காட்டினேன். எட்டு நாளாகியும் நகக்கணுவில் போகவில்லை. "பிம் ஐயா மாட்டுக்குப் பின்னால மந்திரியைத்தான் வரைஞ்சார். நிறத்தை மாத்தித் தீட்டினது நான். கோடு உங்களை ஒண்ணும் சொல்லல. நிறம்தான் சொல்லுது. சண்டைன்னா அது எனக்கும் உங்களுக்கும்தான்."

"உனக்கும் எனக்குமா?"

"எனக்குத் துப்பாக்கி பழக்கமில்ல. தூரிகைன்னா சரி. துடைப்பம்னா இன்னும் சரி."

சுவரோரம் நின்ற வேலைக்காரன் இருமினான். டிராஸ்க் ஐயா இருமவில்லை.

"நீ சொல்றதை நம்பி நான் பின்வாங்கினா ஊர் சிரிக்கும்."

"பின்வாங்கலைன்னாத்தான் சிரிக்கும் ஐயா. எங்க எதிர்வரிசைக் கடைக்காரன் கையில இது கிடைச்சா மூணு நாள்ல படம் போட்டுருவான். ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் கறுப்பு ஆயா, நடுவுல அந்த மாடு. இல்ல, என்னைச் சவுக்கால அடிங்க. அதுக்கு இன்னும் பெரிய தாள்ல போடுவான்."

"மிரட்டுறியா?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உங்க சமையல்காரம்மா இவ்வளவு நேரமா கதவுக்குப் பின்னால நிக்கிறாங்க."

கதவுக்குப் பின்னால் ஒரு தட்டு விழுந்தது.

அவர் முட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துப்பாக்கிக்கு முன் அசையாமல் நின்ற மனிதர்தான். இப்போது அந்த முட்டைக்கு மூன்று தடவை உப்புப் போட்டார். மீதிப் படங்களில் நிறத்தை மாற்றித் தருகிறேன் என்றேன். எழுதும் பலகை கேட்டார்.

வெளியே வந்ததும் காதர் என்னைப் பிடித்து ஒரு படியில் உட்கார வைத்தான்.

"பிம் ஐயா உனக்கு யாருக்கா?"

"படம் வரையறவர்."

"அதான் கேட்டேன்" என்றான்.

சாயங்காலம் கேப்டன் கடிதத்தோடு வந்தார். நின்றபடியே படித்தார்: அவமதிப்பு வந்த இடம் கவனிக்கத் தக்க இடம் அன்று என்பது தெரியவந்ததால் சர் எட்மண்ட் இந்த விஷயத்தைக் கைவிடுகிறார். படித்து முடித்துத் திரும்பிப் போனார். தொப்பி எடுக்கவில்லை.

பிம் ஐயா கணப்படுப்பின் மேலிருந்த சீட்டை எடுத்துத் தீயில் போட்டார்.

"கவனிக்கத் தக்க இடமில்லையாம். விசாரிச்சிருக்காங்க. எங்க அப்பா யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

மாடிக்குப் போய்விட்டார். உயிர் தப்பியவர் ஏறுகிற மாதிரியே இல்லை.

அக்டோபர் 13, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு அவர் அறையில் இருமல் கேட்டது. இவ்வளவு நல்ல இருமலை நான் கேட்டதே இல்லை.

அவர் கீழே வரவே இல்லை. ரொட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மத்தியானம் வரை தாங்கியது.

"அந்தக் கவனிக்கத் தகாத இடம் நீங்க இல்ல ஐயா. நான். நேத்து அவர் வீட்டுக்குப் போய் நிறம் என்னுதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"யார் உன்னைப் போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"என் வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை, சந்தாயி."

"தெரியும் ஐயா."

"தெரியாது" என்று கதவைச் சாத்தினார்.

அக்டோபர் 14, புதன்

மீதி அறுபது தாளுக்கும் நிறம் மாற்றினேன். பதுங்குகிறவரின் நீலத்தின் மேல் சிவப்பை ஓட்டினால் நாவல் நிறம் வந்துவிடுகிறது. ஆனால் நிற்கிறவரின் நாவலை எதைப் போட்டாலும் நீலமாக்க முடியவில்லை. ஆகவே இப்போது இருவருமே நாவல்பழக் கோட்டு. மந்திரி தன்னைக் கண்டே பயந்து மாட்டுக்குப் பின்னால் ஒளிகிறார். ஜன்னல் முன் போன வாரத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். அரசாங்கத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாக யாரும் சொன்னதில்லை என்று ஒரு வக்கீல் சொல்லிவிட்டுப் போனார்.

கப்பல் இன்று பாய் எடுத்திருக்கும். இங்கே மழை.

அக்டோபர் 15, வியாழன்

ஐயா பேசவில்லை.

அக்டோபர் 16, வெள்ளி

"மை எங்கே?" என்றார். என்னிடமா, சுவரிடமா என்று தெரியவில்லை. இருந்தாலும் எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 18, ஞாயிறு

மத்தியானம் பட்டறையில் தனியாக உட்கார்ந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பிம் ஐயா துப்பாக்கிப் பெட்டியோடு வந்தார். ஓட்ஸிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். போகாமல் நின்றார்.

"நேத்து நான் வரைஞ்ச தாளை எடுத்துப் பாத்தேன். அதில மந்திரி வலப்பக்கம். அச்சில இடப்பக்கம்."

நான் தூரிகையைக் கழுவினேன்.

"இடப்பக்கம் நீலம்னு கத்தினது நான்தானே. நீ கை தவறிடுச்சுன்னு சொன்ன. அங்க போயும் அதையே சொல்லியிருக்க."

"மறந்துட்டேன் ஐயா."

"உனக்கு எதுவும் மறக்காது. எட்டு வருஷத்துக்கு முன்ன நான் சாப்பிட்ட மீனைப் பத்தி இன்னும் கேலி பண்ணுற."

"அது மீனே இல்லையே ஐயா."

அவர் சிரிக்கவில்லை. பெட்டியை மேஜைமேல் வைத்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு எனக்கு எதிரே, நேராக நின்றார். அன்றைக்குக் கேப்டன் நின்ற மாதிரி. தலையில் தொப்பி இல்லை, ஆனாலும் இருப்பதுபோலக் கையைக் கொண்டுபோய் எடுத்துத் தலை குனிந்தார்.

"விதி ஒண்ணு இருக்கு. துப்பாக்கி எடுத்து நின்ன பிறகும் ஒருத்தர் மன்னிப்புக் கேக்கலாம். அதில குறைவு கிடையாது. சந்தாயி, நான் மன்னிப்புக் கேக்கறேன்."

எனக்கு ஏதாவது கேலியாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் "சரி ஐயா" என்றேன். இன்னும் ஏதோ சொன்னேன். அது தமிழில் வந்துவிட்டது. அவருக்குப் புரிந்திருக்காது. என்ன என்றும் கேட்கவில்லை.

பிறகு அவர் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருவரும் தூரிகை கழுவினோம்.

"நான் அவரைச் சுட்டிருக்க மாட்டேன்" என்றார். "முதல்லயே முடிவு பண்ணிட்டேன். கனவான்கள் சில பேர் அப்படிச் செய்வாங்க. அவர் சுடட்டும், நான் தரையைப் பாத்துச் சுடறது."

"அவர் சுட்ட பிறகு நீங்க எதைச் சுடுவீங்க?"

"தரையை. அப்பவும் நின்னுட்டிருந்தேன்னா."

"எப்படிச் சுடுவீங்க? காட்டுங்க, பாப்போம்."

பெட்டியைத் திறந்து ஒரு துப்பாக்கியை எடுத்தார். பக்கவாட்டில் திரும்பினார். வயிற்றை உள்ளே இழுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கையைக் கீழே நீட்டினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் கடிதம் வருவதற்கு முன்பே ஓட்ஸ் அதில் குண்டு போட்டு வைத்திருந்தார்.

குண்டு தரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே சமையலறைக்குப் போயிற்று. சற்று நேரத்தில் ஹார்க்னஸ் அம்மாள் மேலே வந்து, புட்டிங் வேகிற சட்டி ஒழுகி அடுப்பு அணைந்துவிட்டது என்றார். புட்டிங்கில் ஈயம் இருந்தது. இருந்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியை மூன்று பேரும் சாப்பிட்டோம். பாதிதான் வெந்திருந்தது. உப்பும் கொஞ்சம் குறைவு.